மூக்குக் குத்தியதற்கு ஒரு காரணம்

நாற்பத்திரண்டு வயதில் நான் மூக்குக் குத்திக்கொண்டேன். ஆசையாக இருந்தது, குத்திக்கொண்டேன். இதைவிடச் சின்னக் காரணத்துக்கு எங்கள் ஊரில் மேல்மாடியே கட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

காரைதீவில் சுஜித்தா என்ற பெண் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். பாடசாலை விட்டு நேரே அவளிடம் போனேன். ஊசியால் குத்தி, சின்னதாக ஒரு டைட்டேனியம் மூக்குத்தியைப் போட்டுவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது, பிறகு தும்மல் வந்தது, கண்ணாடியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. பராமரிப்பு மிகச் சுலபம். காலையும் மாலையும் உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். அதைத் தவிர எதையும் பூசக் கூடாது, திருகக் கூடாது, கழற்றக் கூடாது. உள்ளே ஆறி முடிய மாதக் கணக்காகும், அதற்குள் கழற்றினால் துளை விடிவதற்குள் மூடிக்கொண்டுவிடும்.

"ஒண்டும் செய்யாம விடுறதுதான் மருந்து, டீச்சர்" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் ஒன்றும் செய்யாமல் விட ஒருவருக்கும் தெரியாது. அது அவளுக்குத் தெரியாது.

என் கணவர் மசூர் கல்முனைக் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர்தான். ஊர் என்ன சொல்லும் என்பதை ஊர் சொல்வதற்கு முன்பே தனக்குள் சொல்லிப் பார்த்து, அதற்கு வெட்கப்பட்டும் முடித்துவிடுவார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கறியைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார். யார் குத்தச் சொன்னது என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை என்றேன். அதுதான் அவரை அதிகம் கலங்க வைத்தது. யாராவது சொல்லியிருந்தால் அவரோடு போய்ச் சண்டை பிடித்திருக்கலாம்.

மறுநாள் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு மௌலவியிடம் போனார். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யும்போது மூக்குக்குத் தண்ணீர் போகாதே, தொழுகை என்னாவது என்று கேட்டாராம். தண்ணீர் படுகிற மாதிரிக் கழுவினால் போதும், பெண்களுக்கு ஆபரணம் ஆகும் என்று மௌலவி சொல்லிவிட்டார். மசூருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. சம்மாந்துறையில் இன்னொரு மௌலவியிடம் போனார். அவரும் அதையே சொல்லி, தேத்தண்ணீரும் கொடுத்து அனுப்பினார். பெற்றோல் செலவோடு வீட்டுக்கு வந்தவர், மார்க்கத்தை விட்டுவிட்டு உலோகத்தைப் பிடித்துக்கொண்டார்.

இது என்ன இரும்பா என்று கேட்டார். டைட்டேனியம், ஆறும்வரை இதுதான் நல்லது என்றேன். போட்டதே பிழை, போட்டதுதான் போட்டாய், பொன்னிலாவது போட்டிருக்கக் கூடாதா, இரும்புக் கடைக்காரன் பெண்டாட்டிக்கு ஆணி அடித்து விட்டிருக்கிறான் என்று கடைத்தெருவே சொல்லுமே என்றார். அவர் அதைச் சொல்லும்வரை கடைத்தெருவில் ஒருவருக்கும் அப்படி ஒன்று தோன்றியிருக்காது.

பிறகு, வெளியே போகும்போது முகத்தை மூடிக்கொள் என்றார். முகம் மூடுவது நம்மட ஊர்ப் பழக்கம் இல்லை என்று பத்து வருடமாகக் கூட்டத்துக்குக் கூட்டம் கதைத்த மனிதர். சண்டை வேண்டாம் என்று நானும் இரண்டு தடவை மூடிப் பார்த்தேன். துணி மூக்குத்தியில் கொழுவி இழுத்ததில் உயிர் போய் வந்தது. மூக்கின் ஓரம் சிவந்து வீங்கியது.

வீக்கம் மாவடிப்பள்ளிக்குத் தெரிந்துவிட்டது. அங்கேதான் மசூரின் உம்மா சபியா உம்மா, தன் மகள் ஸஹ்றாவோடு இருக்கிறார். மாமியும் ஸஹ்றாவும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். மாமியின் கையில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்த சிமிழ். உப்புத் தண்ணீர் மட்டும்தான் என்று நான் எவ்வளவோ சொன்னேன். உப்புத் தண்ணீர் என்றால் கடலிலேயே போய் முகத்தைக் கழுவலாமே, அதற்கு ஏன் காரைதீவுக்குப் போனாய் என்றார். பகல் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழும்பிப் பார்த்தால் பாதி முகம் மஞ்சள்.

அதைக் கழுவி முடிக்க, மசூர் கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். மௌத்தை, சாவைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அது நல்லது என்று ஆரம்பித்தார். ஸஹ்றா பற்பசை பூசினால் வீக்கம் வற்றும் என்றாள். ஓட்டை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மூக்குத்தியைத் தினமும் திருக வேண்டும் என்று மாமி சொல்லி, நான் கையைப் பிடிப்பதற்குள் ஒரு தடவை திருகியும் விட்டார். இவ்வளவும் போதாமல் புண்ணைக் கிளப்பும் கிரந்திச் சாப்பாடு என்று சொல்லி இறாலை நிறுத்தினார்கள், சூரை மீனை நிறுத்தினார்கள், கத்தரிக்காயையும் நிறுத்தினார்கள். அந்தக் கிழமை ஏழு நாளும் முருங்கையிலைச் சொதி குடித்தேன். மூக்கில் மிளகளவு ஒரு கட்டி வந்தது.

கட்டி வந்ததும் மூன்று பேருக்கும் முகத்தில் ஒரு நிம்மதி. உனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை, கழற்றிவிடு என்றார்கள். ஒத்துக்கொள்ளாதது மூக்குத்தி அல்ல, இவர்கள்தான். ஆனால் மாமியின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கழற்றினால் துளை மூடிவிடும், மறுபடி குத்த இவர்கள் விடப்போவதில்லை. அந்தச் சின்னப் பொட்டுக்காக எனக்கு அழுகையே வந்தது.

மசூர் அழுகையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

"இப்பவே கழட்டு. இந்த வீட்டுல இதெல்லாம் சரிவராது" என்றார்.

"இது ஆர்ர வீடு?" என்று கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தோடு வீட்டைப் பெண்ணின் பெயரில் எழுதிவிடுவார்கள், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். என் வாப்பா வயலில் பாதியை விற்றுக் கட்டிய வீடு இது. எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். தெரிந்ததை வாயால் சொல்வதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லிவிட்டேன். மாமி சிமிழை மூடினார். மசூர் ஒரு பையில் இரண்டு சாரனை வைத்துக்கொண்டு, எனக்கும் ஒரு தாய்வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர்களோடு ஓட்டோவில் ஏறினார்.

இங்கேதான் அவர் ஒரு சின்ன விசயத்தை மறந்துவிட்டார். தாய்வீடு இருக்கவில்லை. அது ஸஹ்றாவின் கல்யாணத்தோடு ஸஹ்றாவுக்குப் போய்விட்டது. வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிய அன்று மூத்த மகன் என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் இவர்தான். இப்போது அங்கே ஆள்வது ஸஹ்றாவின் கணவர் நளீர். மாவடிப்பள்ளியில் வயல் செய்பவர். மசூரின் பழைய அறையில் நளீரின் யூரியா மூட்டைகள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன.

நடந்ததையெல்லாம் ஸஹ்றா போனில் சொன்னாள். மசூருக்கு ஹோலில் பாய் போட்டார்களாம். நளீர் ஒரு கடுமையான வார்த்தை சொல்லவில்லை. அளவுக்கு மேல் மரியாதையாக இருந்தார். மச்சானைத் தன் சோற்றுக் கோப்பையைத் தானே கழுவ விடவில்லை, மின்விசிறியைத் தன் பக்கமிருந்து மச்சான் பக்கம் திருப்பி வைத்தார், நாளைக்கும் இருப்பீர்கள் என்றால் கோழிக்குச் சொல்லட்டுமா என்று ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் சிரித்த முகத்தோடு கேட்டார். கோழியைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிற வீட்டில் மனிதன் எத்தனை நாள் இருப்பது. உம்மாவே அங்கே மகளின் விருந்தாளிதான் என்பதை மசூர் அப்போதுதான் கண்டிருப்பார்.

இந்தப் பக்கம் என் மூக்கை ஒருவரும் தொடவில்லை. காலையும் மாலையும் உப்புத் தண்ணீர், ஆசை தீர இறால். கட்டி வற்றியது, சிவப்பு குறைந்தது. வீடு அமைதியாக இருந்தது. கணவர் இல்லாத வீட்டில் இவ்வளவு நிம்மதியாக இருந்ததை நினைத்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மசூர் வந்தார். கையில் அதே பை, முகத்தில் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட களை. பள்ளி வாசலில் நாலு பேர் விசாரித்தார்களாம். வைஃபுக்குப் பீனிசம், தீராத தலையிடி, மூக்கில் அந்த நரம்பில் குத்தினால்தான் சுகமாகும் என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்று இவர் சொல்லியிருக்கிறார். நாலு பேரும் தலையை ஆட்டி, சுகம் கிடைக்க துஆவும் கேட்டார்களாம்.

"ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல. நீயும் அப்படியே சொல்லிக்க. மூக்குத்தி கிடந்திட்டுப் போகட்டும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசைப்பட்டேன் என்றால் முகம் சுளிக்கிற ஊர், நோய் வருத்தம் என்றால் துஆக் கேட்கிறது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். துளை பாதிதான் ஆறியிருந்தது. ஒரு பொய்யோடு அது தப்புமென்றால் தப்பட்டும் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்த சாரனைக் கொடியில் போட்டார்.

அதற்குப் பிறகு ஊரில் தலையிடி பரவத் தொடங்கியது. எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவருக்கு, பக்கத்து வீட்டில் தாய்க்கும் மகளுக்குமாக இரண்டு பேருக்கு, கடைத்தெருப் புடவைக் கடைக்காரரின் மனைவிக்கு. எல்லோருக்கும் ஒரே பக்கத்தில்தான் இடித்தது. காரைதீவில் கதிரை போதாமல் சுஜித்தா நாலு பேர் உட்காரும் வாங்கு ஒன்றை வாங்கிப் போட்டாளாம். இளம்பெண்கள் மட்டும் கவலைப்பட்டார்கள், இருபது வயதில் பீனிசம் என்றால் ஒருவரும் நம்ப மாட்டார்களே என்று.

ஸஹ்றாவுக்கும் தலையிடி வந்தது. மற்றவர்களுடையதைவிட அது கடுமையாக இருந்திருக்க வேண்டும், கண்ணெல்லாம் கலங்கி வந்து உட்கார்ந்தாள். நளீர் என் வாயால் கேட்டால்தான் விடுவாராம். நீங்கள் ஓம் என்று ஒரு சொல் சொல்லுங்கள் மதினி என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நளீர் எனக்குப் போன் எடுத்தார். உண்மையாகவே சுகமா ராத்தா என்று மரியாதையாகக் கேட்டார். நல்ல சுகம் தம்பி என்றேன். மசூர் சொன்ன பொய்க்கு நான் பேசாமல் இருந்தது ஒன்று. இது என் வாயால் சொன்ன பொய். போனை வைத்த பிறகு அன்று முழுக்க எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஸஹ்றா மட்டும் சந்தோசமாகப் போய்க் குத்திக்கொண்டு வந்தாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என் மூக்கு முழுதாக ஆறிவிட்டது. டைட்டேனியத்தை எடுத்துவிட்டுப் பொட்டளவில் ஒரு பொன் மூக்குத்தி போட்டிருந்தேன். நளீரும் ஸஹ்றாவும் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். மச்சான்மார் இரண்டு பேரும் மேசையில் இருந்தார்கள், நானும் ஸஹ்றாவும் பரிமாறிக்கொண்டு நின்றோம். ஸஹ்றாவின் மூக்கு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. வழியில் யாரும் திருகிவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாள்.

மசூர் இறைச்சியைப் பிய்த்தபடி என்னிடம், இப்போது தலையிடி ஒன்றும் இல்லைதானே என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அந்தத் தலையிடியை இவ்வளவு நாளில் தானே நம்பிவிட்டார் என்பது அவருடைய முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப இனிக் கழட்டலாம்தானே. சுகமான பிறகு ஆரும் குளிசை குடிக்கிறதா?" என்றார்.

அதுதானே, என்றார் நளீர். ஸஹ்றாவுக்கும் சுகமானதும் கழற்றிவிடலாம், மூக்கில் ஓட்டையோடு ஏன் சும்மா திரிவது என்று மிக நியாயமாகச் சொன்னார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். நான் ஸஹ்றாவைப் பார்த்தேன். அவள் இறைச்சிச் சட்டியைப் பிடித்தபடி, சொல்லாதீர்கள் என்று கண்ணாலே கெஞ்சினாள். சொன்னால் அவளுடைய பொய்யும் சேர்ந்து வெளியே வரும். சொல்லாவிட்டால் இரண்டு மூக்கும் போகும்.

"எனக்கு ஒருநாளும் தலையிடி இருக்கல்ல" என்றேன். "ஆசைக்குத்தான் குத்தின. அந்த ஆசை இன்னும் சுகமாகல்ல."

 சொல்லி முடித்ததும், குத்திய அன்று கண்ணாடியில் பார்த்தபோது வந்த அந்தச் சந்தோசம் அப்படியே திரும்பி வந்தது. மசூர் வாயில் வைத்த சோற்றை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. நளீர் கையைச் சோற்றுக் கோப்பையில் வைத்துவிட்டு மெதுவாகத் தன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அப்ப உங்களுக்கு?" என்று கேட்டார்.

ஸஹ்றா அவருடைய சோற்றில் இரண்டு துண்டு இறைச்சியை வைத்தாள், தண்ணீர்க் கிளாஸை அவர் கைக்கு எட்டும் இடத்துக்கு நகர்த்தினாள்.

"எனக்கு நீங்க கேட்ட இந்த நிமிசத்திலதான் தலையிடி துவங்கினது" என்றாள்.