வலது கன்னம்

அண்ணனின் முகமெங்கும் நுரையைத் தடவியபோதே தம்பிக்காரனுக்குக் கை சொன்னபடி கேட்கவில்லை. சலூனில் எத்தனையோ முகங்களைப் பார்த்த கை, கையுறைக்குள் ஊமையாகிப் போயிருந்தது.

"தொண்டைக் குழாய்கிட்ட நுரை போகாம பாத்துக்குங்கண்ணே" என்றாள் நர்ஸ்.

"சரிம்மா."

குடல் ஆபரேஷனுக்காக வந்தவர் அண்ணன். அது மலைபோல் வந்து பனிபோல் விலகிவிட்டது. வார்டுக்கு மாற்றப்போகிற நேரத்தில்தான் இந்த ஐ.சி.யூ.விலேயே குடியிருந்த ஏதோ ஒரு கிருமி நுரையீரலில் புகுந்துகொண்டது. எல்லா மருந்துக்கும் பழகிப்போன கிருமியாம். ஒன்று மாற்றி ஒன்றாக ஏற்றிப் பார்த்தார்கள். எருமை மாட்டின்மேல் மழை பெய்த கதைதான். இன்று காலை டாக்டர் அண்ணியையும் அவனையும் உட்காரவைத்து, "இனி குடுக்க மருந்து இல்லை. இன்னைக்கோ நாளைக்கோ" என்று சொல்லிவிட்டார்.

அண்ணி அழவில்லை. "இந்தத் தாடியோட மட்டும் அவரை அனுப்பிடாதீங்க தம்பி" என்றாள்.

அவனுக்கும் அதுதான். செத்தவர்களுக்கும் சவரம் செய்த அனுபவம் உண்டு. அண்ணனை அந்த வரிசையில் சேர்க்க மனம் வரவில்லை. உயிர் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். டாக்டர் யோசித்துத்தான் சம்மதித்தார். உள்ளே போன சாமான் வெளியே வராது, கையுறையைக் கழற்றக் கூடாது என்று கறாராகச் சொன்னார்.

சனிக்கிழமைதோறும் கடை மூடியதும் அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றிச் சவரம் செய்துகொள்வார்கள். அண்ணனுக்கு ஓயாத வாய். கத்தி தொண்டைக்கு வந்தால்தான் மூடுவார். "பயமெல்லாம் இல்லடா. உனக்கு எதுக்கு ஒரு சந்தர்ப்பம் குடுக்கணும்னுதான்" என்பார். அந்த வாயைக் குழாய் மூடிவைத்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

இடது கன்னம் முடிந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கையுறையை உருவிவிட்டு, புறங்கையால் கன்னத்தை மேல்நோக்கி ஒரு தடவு தடவினான். தொட்டுப் பார்க்காமல் எந்த முகத்தையும் அவன் விட்டதில்லை. கன்னம் கொதித்தது.

"ஐயோ, என்ன பண்றீங்க!" நர்ஸ் ஓடிவந்தாள். "இந்தக் கையோட போய் எதையாவது தொட்டா என்னாகும்? அடுத்த கட்டில்ல பிள்ளை பெத்த பச்சை உடம்பு படுத்திருக்கு."

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. "பழக்கதோஷம்மா. மன்னிச்சிடு."

அவளே குழாயடிக்குக் கூட்டிப்போனாள். அண்ணனைத் தொட்ட கையைக் கழுவ அவனுக்கு மனமே இல்லை. திரை மறைத்த பக்கத்துக் கட்டிலை ஒரு தரம் பார்த்தான். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான்.

புதுக் கையுறையோடு திரும்பியபோது மானிட்டரின் சத்தம் மாறியிருந்தது. டாக்டர் வந்தார். நெஞ்சை அழுத்த வேண்டாம் என்று காலையிலேயே பேசியாயிற்று. கொஞ்ச நேரம் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் தலையசைக்க, நர்ஸ் சத்தத்தை நிறுத்தினாள்.

அண்ணியும் அங்கி மாட்டிக்கொண்டு வந்து கால்மாட்டில் நின்றாள். அண்ணன் முகத்தில் ஒரு பக்கம் மழமழவென்றிருந்தது. மறுபக்கம் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"பாதியில விட்டுடாதீங்க தம்பி" என்றாள்.

டாக்டர் ஒதுங்கி வழிவிட்டார்.

காய்ந்ததைத் துடைத்துவிட்டுப் புதிதாக நுரை போட்டான். அப்போதுதான் அழுகை வந்தது. முகமூடி நனைய அழுதான். ஓய்ந்ததும் ரேஸரை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புண்ணே" என்றான்.

காத்திருந்தான். அண்ணி கால்மாட்டிலிருந்து நகர்ந்து வந்து, அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாகத் திருப்பிக் கொடுத்தாள்.