கோப்பி ஓ கொசொங் ஒண்ணு

பக்கவாதத்திலிருந்து எழுந்த என் வீட்டுக்காரர் கோவிந்தராசுவுக்குத் தனித்தனி வார்த்தை எல்லாம் புரிகிறது. கோத்துச் சொன்னால்தான் குழம்பிவிடுகிறார். பேச்சுப் பயிற்சி தரும் வைஷாலி படங்களைப் பரப்பி வைத்து, "புலியை மான் துரத்தியது. எந்தப் படம், அங்கிள்?" என்று கேட்டாள். இவர் மானைப் புலி துரத்தும் படத்தைத் தொட்டார். மூளையில் இலக்கணம் அடிபட்டிருக்கிறதாம். எந்த ஊரில் மான் புலியைத் துரத்துகிறது என்று எனக்கு அவள்மேல்தான் எரிச்சல் வந்தது.

மகன் இளமாறன் வீட்டிலும் சோதித்தான். "அப்பா, அம்மா குடிச்சதுக்கப்புறம் நீங்க குடிங்க." இவர் உடனே தன் கோப்பையை எடுத்துக் குடித்தார்.

"பாத்தீங்களாம்மா? தேக்கா மார்க்கெட் கோப்பிக்கடையத் திருப்பிக் குடுத்துடலாம்."

"நல்லா இருந்தப்பவும் அவர்தான்டா முதல்ல குடிப்பாரு."

இவர் நடத்திவந்த அந்தக் கோப்பிக்கடை போனால் இந்த மனிதர் பொங்கோல் அடுக்குமாடி வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே செத்துப்போவார். ஒரே ஒரு காலை பார்ப்போம், தப்பு செய்தால் உன் இஷ்டம் என்று மகனிடம் பேரம் பேசினேன்.

சனிக்கிழமை கடையைத் திறந்ததும் வரிசை நீண்டது.

"தே ஓ கொசொங் ரெண்டு!"

"கோப்பி பெங் ஒண்ணு!"

தே என்றால் தேநீர், பால் வேண்டாமென்றால் ஓ, சீனி வேண்டாமென்றால் கொசொங், ஐஸ் வேண்டுமென்றால் பெங். எழுவாயையும் பயனிலையையும் இங்கே யார் கேட்டார்கள்? வலது கை கொஞ்சம் இழுத்தாலும் ஒரு கோப்பைகூட மாறவில்லை.

இளமாறனுக்குப் பொறுக்கவில்லை. வரிசையில் வந்து நின்றான். "அப்பா, பின்னால நிக்கிற முபாரக் அங்கிளுக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி எனக்குப் பாலும் சீனியும் போடாம ஒரு கோப்பி குடுங்க."

இவர் விழித்தார். பால், சீனி, எல்லாம் போட்டு ஒரு கோப்பி கலக்கி முபாரக்கிடம் நீட்டினார். பேரப்படி கடை போனது போலத்தான்.

முபாரக் மசாலாக் கடைக்காரர், பொறுமை கிடையாது. "தம்பி, கோப்பி வாங்க வந்தியா, மேடையில பேச வந்தியா? ஒழுங்கா ஆர்டர் பண்ணு லா!"

வரிசையே சிரித்தது. இளமாறன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கோப்பி ஓ கொசொங்," என்றான் மெதுவாக. "ஒண்ணு."

இவர் கை ஓடியது. கோப்பையை மகன் முன் வைத்தார், ஆனால் பிடியை விடவில்லை.

"கடை," என்றார். இன்னொரு கையால் தன் நெஞ்சைத் தட்டினார். "நான்."

அவ்வளவுதான் சொன்னார். மகனுக்குப் புரிந்துவிட்டது. கோப்பியைக் குடித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து கோப்பை கழுவத் தொடங்கினான்.