காய்ந்த மரத்துக்கு மட்டும் அனுமதி

காய்ந்த மரத்தை மட்டும்தான் வெட்டலாம் என்பது வனத்துறையின் சட்டம். அம்மா அதை ஒருநாளும் மீறியதில்லை. அரிவாளோடு போவாள், நல்ல மரமாகப் பார்த்து அடியைச் சுற்றி ஒரு சாண் பட்டையை உரிப்பாள், வந்துவிடுவாள். ஆறு மாதத்தில் மரம் காய்ந்து நிற்கும். அப்புறம் வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மகாராணி மாதிரி போய் வெட்டி வருவாள். ஊரில் எல்லா அடுப்பும் இப்படித்தான் எரிந்தது.

“பாவம்மா அது” என்று மகள் சொன்னால், “காடு அவங்களோடது. அவங்க அழட்டும்” என்பாள்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி முடித்தவள் மகள். அவளுக்கு அம்மாமேல் வந்ததைவிடச் சட்டத்தின்மேல் வந்த கோபம்தான் பெரிது. நாலு மனு எழுதியும் பதில் இல்லை. ஐந்தாவதோடு அதிகாரியின் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு மலைச்சரிவை ஊர்ப் பொறுப்பில் விடுங்கள், கிளையை மட்டும் கழித்துப் பங்கு போட்டுக்கொள்கிறோம், ஒரு மரம் செத்தாலும் சரிவைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளுங்கள் என்றாள். எழுந்து போனால் சரி என்று அவர் ஒரு வருடம் கொடுத்தார்.

வருடம் முடிந்து அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பாதிச் சரிவில் பட்டை உரிந்த மரம் ஒன்று மொட்டையாக நின்றது. ஊரே அம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

“நான்தான் உரிச்சேன்” என்றாள் அம்மா, கூசாமல். “உங்க பழைய சட்டம் இருந்தப்ப. உரிச்ச இடம் கறுத்துக் கிடக்கு பாருங்க. அப்புறம் கிளையே போதும்னு ஆச்சு, வெட்டல. புதுசா ஒண்ணு காட்டுங்க, பாப்போம்.”

அதிகாரி மதியம்வரை தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. சும்மா நின்ற ஜீப் டிரைவர், ஈ ஓட்டுவதற்குப் பச்சைக் கிளை ஒன்றை ஒடித்தார். அம்மா ஒரே எட்டில் அவர் கையைப் பிடித்தாள்.

“சீட்டு எங்க?”

இருபது வருடமாக அவளிடம் வனக் காவலர்கள் கேட்ட அதே குரல். டிரைவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வானத்தைப் பார்த்தார்.

“எங்க காடு தம்பி. கீழ வைங்க.”

வைத்தார். அதிகாரி சிரிப்பை மென்றுகொண்டே ஜீப்பின்மேல் காகிதத்தை விரித்து ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

மகள் அதை நீட்டினாள். வாங்க அம்மாவுக்கு நேரமில்லை. ஒடிந்த கிளையை அம்மா கக்கத்தில் இடுக்குவதைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்துவிட்டாள். அது உன் பங்கில்தான் கழியும் என்றாள். வீடு வரும்வரை இருவரும் அதைப் பற்றியே சண்டை போட்டார்கள்.