நாசகாரியும் பள்ளி வேனும்

எதிரியின் போர்க்கப்பல் தீவுக்குப் பின்னாலிருந்து மூக்கை நீட்டியதும், கார்த்திகேசு கப்பலை நிறுத்தி வழிவிட்டார். புந்தோங்கில் வருஷக்கணக்காகப் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பெரிய வண்டி குறுக்கே வந்தால் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். மகனுடைய கம்ப்யூட்டர் மேசைக்கடியில் பிரேக் ஏது, கால்மிதியடிதான் கிடந்தது. அதையே அழுத்தினார். வழிவிட்ட பெருந்தன்மைக்கு நன்றி சொல்வதுபோல எதிரி தன் பீரங்கிகளை எல்லாம் இவர் பக்கம் திருப்பியது. திரை சாம்பல் நிறமானது.

"முடிஞ்சிருச்சா?" என்றாள் மனைவி குமுதா, அடுப்படியிலிருந்து. "இன்னிக்கு முட்டை அவியற நேரங்கூட தாங்கல போல."

"நீ கம்முனு இரு. அவன் சிக்னல் போடாம வந்துட்டான்."

"கடல்ல என்னாங்க சிக்னலு?"

கார்த்திகேசு திரைக்குத் திரும்பினார். திரையின் மூலையில் சக வீரர்கள் அவரை ஆங்கிலத்தில் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 'ஸாரி பாஸ்' என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பினார். வேனில் தாமதமாகிற நாளில் அம்மாமார்களுக்கு அனுப்புவதும் அதேதான்.

கப்பல் அவருடையதல்ல, தர்மாவுடையது. ஒரே மகன். போன வருஷம் கமுந்திங் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இந்த விளையாட்டே கதியென்று உட்கார்ந்திருந்தவனின் பிளக்கை, பாதிச் சண்டையில் கார்த்திகேசு பிடுங்கிவிட்டார். கப்பல் மூழ்கியதோ இல்லையோ, பேச்சு மூழ்கிவிட்டது. அடுத்த மாதமே அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். இரவு ஷிப்ட், ஹாஸ்டல் கட்டில். போன் வந்தால் அம்மாவுக்கு வரும். "அப்பா பசியாறிட்டாரா?" என்று அம்மாவிடம் கேட்பான். "பசியாறியாச்சுன்னு சொல்லு" என்று இவரும் அம்மாவிடமே சொல்வார்.

அப்படி இருந்தவன் ஒருநாள் வீடியோ காலில் அப்பாவைக் கூப்பிட்டான். அங்கே தனக்கு நேரமே இல்லையாம். அப்பாதான் தினமும் அந்த விளையாட்டைத் திறந்து, அது கொடுக்கும் இலவசப் பரிசை எடுத்து வைக்கவேண்டுமாம். திறக்காமலே கிடந்தால் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்களாம். "அவ்ளோதான்பா. 'சண்டை'ன்னு ஒரு பட்டன் இருக்கும், அதை மட்டும் தொட்டுராதீங்க லா." பிறகு எதற்கோ அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். ஜப்பான்காரனின் நாசகாரிக் கப்பல், ககெரோ வகை. பெயருக்கு அர்த்தம் கானல். "தகடு மெல்லிசு, ஒரு அடி தாங்காது. ஆனா பக்கத்துல வர்ற வரைக்கும் யார் கண்ணுக்கும் தெரியாதுப்பா. ஒளிஞ்சு இருந்து தண்ணிக்கடியில டோர்பிடோ விடணும். இப்ப இருக்கிற எடத்துக்கு இல்ல, அவன் வரப்போற எடத்துக்கு." பிறந்ததிலிருந்து அவன் அப்பாவிடம் ஒரே மூச்சில் பேசிய பேச்சில் அதுதான் நீளமானது.

குமுதாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "உங்க தாத்தாவ சயாம் ரயில் போட இழுத்துட்டுப் போன ஜப்பான்காரன் கப்பல்ல போயி ஏறிக்கிட்டீங்களே, அந்த மனுசன் சும்மா விடுவாரா?"

"அதுக்குத்தான் தெனமும் முழுகடிக்கிறேன்" என்றார்.

அடுத்த போனில் மகனிடம் பேச ஏதாவது விஷயம் வேண்டும் என்றுதான் அந்தப் பட்டனைத் தொட்டார். தொட்ட பிறகுதான் புரிந்தது, தொட்டதையே சொல்லமுடியாது என்று. மகனின் வெற்றிக் கணக்கு பெட்ரோல் முள்போல இறங்கியது. சொந்த அணியின் கப்பலை டோர்பிடோவால் அடித்தால் நம் பெயர் ரோஸ் நிறமாகிவிடும். தர்மாவின் பெயர் இப்போது பெரும்பாலும் ரோஸ்தான்.

ஒரே ஆறுதல் 'அப்பம்பாலிக்' என்கிற ஆள். பெரிய போர்க்கப்பல் ஓட்டுகிறவன். சில மாதங்களுக்கு முன் 'சேர்ந்து போகலாமா' என்று அழைப்பு அனுப்பினான். ஏறிக்கொள்ளவா என்று கேட்பவரை மறுக்க வேன்காரருக்குத் தெரியாது. சரி என்று அமுக்கிவிட்டார். அன்றிலிருந்து காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தால் அவன் தயாராக நிற்பான். இவருக்கு வரும் குண்டுகளைக் குறுக்கே வந்து வாங்கிக்கொள்வான். இவரே அவனை அடித்தாலும் 'ஓகே லா' என்பதோடு சரி. நல்ல வளர்ப்பு என்று கார்த்திகேசு நினைத்துக்கொள்வார்.

சனிக்கிழமை தர்மா தீபாவளிக்கு வருகிறான். வந்ததும் கம்ப்யூட்டரைத்தான் திறப்பான். புதன்கிழமை போனில் திடீரென்று கேட்டான்.

"அப்பா, அந்தப் பட்டன தொட்டீங்களா?"

"சேச்சே. நான் ஏன்டா தொடப்போறேன்?"

அந்தப் பக்கம் இருமுவதுபோல ஏதோ கேட்டது. "சரிப்பா" என்று வைத்துவிட்டான்.

வியாழன் காலை கார்த்திகேசு திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்தார். சனிக்கிழமைக்குள் வெற்றிக் கணக்கின் முள்ளைக் கொஞ்சமாவது ஏற்றிவிடவேண்டும். அன்று யாருக்கும் வழிவிடவில்லை. ஒரு தீவின் ஓரத்தில் எஞ்சினை அணைத்து, பள்ளி மணி அடிக்கக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தார். எதிரியின் பெரிய கப்பல் வந்தது. இவரைப் பார்க்கவில்லை. கானல்! அது வரப்போகும் இடத்தைப் பார்த்து எல்லா டோர்பிடோக்களையும் விட்டார். வெள்ளைக் கோடுகள் விசிறிபோல நீரில் விரிந்தன.

அந்த நேரம் பார்த்து, வழக்கம்போல இவரைக் காப்பாற்ற, அப்பம்பாலிக் தீவைச் சுற்றிக் குறுக்கே வந்தான்.

திரையின் மூலையில் எழுத்துகள் விழுந்தன. ஆங்கில எழுத்தில் தமிழ்.

'ஐயோ அப்பா!! டோர்பிடோ லா!! முன்னாடி பாருங்கப்பா!!'

கார்த்திகேசு படித்தார். கண்ணாடியைக் கழற்றி பனியனில் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். இத்தனை மாதம் காலைதோறும் தன் முன்னால் வந்து நின்ற அந்தப் பெரிய முதுகைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைச் சந்தையில், கடலை தூவி மடித்த அப்பம் பாலிக் வாங்கித் தரச்சொல்லி வேன் சீட்டில் குதித்த பயல். "டேய், திருப்புடா!" என்று கத்திவிட்டார்.

"ஏங்க, சட்டி தீயுதுங்கிற மாதிரி கத்துனீங்களே, என்னாச்சு?" குமுதா கரண்டியோடு வந்தாள். "யாரு அது?"

"நம்ம தர்மா" என்றார், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "யூ-டர்ன் எடுக்கிறான்."

வெள்ளைக் கோடுகள் போய்க்கொண்டே இருந்தன. பெரிய கப்பல், குறுகிய சந்துக்குள் மாட்டிக்கொண்ட பஸ்போல, தன் மூக்கை மெல்ல, மிக மெல்லத் திருப்பியது. மேசைக்கடியில் கார்த்திகேசுவின் வலது கால் மிதியடியைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டிருந்தது. இடது உள்ளங்கை, ஹாரன் இருக்கவேண்டிய இடத்தில் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தது.