தண்டவாளச் சத்தம்

பாலோ ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மழை பார்ப்பது வேலாண்டியின் வேலை. கால் ஒடிந்து, பாலெடுக்க மரம் சீவ முடியாமல் போனதும் துரை கொடுத்தது. கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துப் பின்புறம் மூங்கிலில் துணி கட்டி, காற்றையும் மேகத்தையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். வானம் கறுத்தால், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடிப்பான். சத்தம் கேட்டதும், மழைநீர் விழுந்து பால் கெடுவதற்குள் எடுத்துவிட எல்லாரும் ரப்பர் மரங்களுக்குள் ஓடுவார்கள்.

அன்று மேகத்திலிருந்து யானைத் துதிக்கை போல ஒன்று இறங்கிச் சுழன்றது. தூரத்தில் மரங்கள் வேரோடு பறந்தன. வேலாண்டி பதறிப்போய்த் தண்டவாளத்தை அடித்தான்.

"லயத்துக்கு ஓடியாங்க! எல்லாரும் ஓடியாங்க!"

பாழாய்ப்போன காற்று அவன் குரலை விழுங்கிவிட்டு, சத்தத்தை மட்டும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பயந்து லயத்துப் பக்கம் வந்துகொண்டிருந்த அவன் மனைவி அங்கம்மா, அதைக் கேட்டதும் வாளியோடு திரும்பி மரங்களுக்குள் ஓடினாள்.

"அங்கம்மா, போவாத!"

காற்று அடங்கியபின், அவள்மேல் விழுந்திருந்த மரத்தை நாலுபேர் சேர்ந்து நகர்த்தினார்கள். ஆட்களை வேலை வாங்கும் கங்காணி குனிந்து, பக்கத்தில் கிடந்த வாளியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"பாலு கெடல," என்றார்.