ஒழுங்கையில் விசாரித்தார்கள்

யாழ்ப்பாணத்தில் நல்ல வேலைகள் பேப்பரில் வருவதில்லை. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய் அங்கேயே முடிந்துவிடும். கரவெட்டி ஆரணிக்கு இந்த ஞானம், விவசாய டிப்ளோமாவை முடித்து, விண்ணப்பம் போட்டுப் போட்டுக் களைத்த பிறகுதான் வந்தது.

சிநேகிதியின் தமையன் கேதீஸ்வரன் ஒரு பால் கம்பனியில் கணக்குப் பகுதியில் இருந்தான். அங்கே வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் தேவை என்ற கதையை முதலில் அவளுக்குத்தான் சொன்னான். வீடு வீடாகப் போய், மாடு வளர்ப்பவர்களோடு பேசி, பாலைக் கம்பனிக்குத் தரச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஆரணி பிறந்ததே அதற்குத்தான். ஸ்கூட்டியில் வடமராட்சி முழுக்கத் திரிந்தவள், கல்லோடும் கதைப்பாள். முதலாளி பஞ்சலிங்கம் கூப்பிட்டுக் கேள்விமேல் கேள்வி கேட்டார். மடிவீக்கம் முதல் தீவன விலை வரை அவள் சளைக்காமல் பதில் சொன்னாள்.

"வேலை உனக்குத்தான் தங்கச்சி," என்றான் கேதீஸ்வரன். "ஊரிலை ஒருக்கா விசாரிப்பார், அவ்வளவுதான்."

அம்மா உடனே வாய்ப்பூட்டுப் போட்டாள். "ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. கண்பட்டால் குழம்பிப் போகும்."

எங்கள் சனத்துக்கு வேலை எடுப்பதும் களவு எடுப்பதும் ஒன்றுதான். கைக்கு வந்து சேரும்வரை அயலுக்குத் தெரியக்கூடாது. ஆரணியும் பேசாமல் இருந்தாள்.

கொஞ்ச நாளில் கேதீஸ்வரன் போன் எடுத்தான். குரலில் சூடு.

"என்னைக் கேவலப்படுத்திப் போட்டாய். முதலாளியே உங்கடை ஒழுங்கைக்கு வந்து வீடு வீடா விசாரிச்சவர். பிள்ளை படலை தாண்டாதாம், ஆம்பிளையளைக் கண்டால் நிலத்தைப் பாக்குமாம். 'மாட்டுக்காரரோடை மல்லுக்கட்ட உந்த ஊமையையோ கொண்டந்தனீ' எண்டு எனக்கு ஏச்சு. இன்னும் ஆள் எடுக்கேல்லை. ஆரைக் கொண்டாவது உண்மையைச் சொல்லுவி."

ஆரணி நேரே எதிர்வீட்டுச் சிவக்கொழுந்து மாமியிடம் போனாள். மாமி ஒளிக்கவில்லை, பெருமையாகவே சொன்னாள்.

"ஓமடி, நான்தான் சொன்னனான். கார் கொண்டுவந்து குமர்ப்பிள்ளையை விசாரிக்கிறது வேறை என்னத்துக்கு? கலியாணப் பேச்செண்டு நினைச்சன். கொம்மா சொல்லித் தந்ததைத்தான் ஒப்புவிச்சனான்."

சொல்லித் தந்தது உண்மைதான். போன வருடம் அளவெட்டிச் சம்பந்தம் ஒன்று, 'பிள்ளை வாய்க்காரி, ஸ்கூட்டியிலை திரியிறவள்' என்று யாரோ சொன்ன சொல்லில் குழம்பியது. அதன் பிறகு அம்மா அயல் முழுக்கப் பயற்றம் பணியாரம் கொண்டுபோய், விசாரிக்க வருபவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் எடுத்திருந்தாள். அப்போது ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது நேரே அம்மாவிடம் போனாள்.

விஷயத்தைக் கேட்டு அம்மா அழுதாள். "நானே போய் அந்த மனிசனிட்டை உண்மையைச் சொல்லுறன்," என்றாள். இன்றைக்குக் கரிநாள், நாளைக்கு வெயில் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளே தவிர, போகவில்லை. அதற்குள் கார் வாசலுக்கே வந்துவிட்டது. பஞ்சலிங்கமும் மனைவியும் இறங்கினார்கள். வேலைதான் வந்துவிட்டது என்று ஆரணி தேத்தண்ணி போடக் குசினிக்கு ஓடினாள்.

மனைவி ஒரு பை பழத்தை அம்மாவிடம் நீட்டினாள். "எங்கடை மகனுக்குப் பொம்பிளை கேட்டு வந்திருக்கிறம். இந்தக் காலத்திலை இப்பிடி அடக்கமான பிள்ளை ஆருக்குக் கிடைக்கும்? வேலை கீலை எண்டு அலைய விடமாட்டம்."

ஆரணி குசினியிலிருந்து வெளியே வந்தாள்.

"ஐயா, என்னோடை நேரிலை கதைச்சனீங்கள். உங்கடை காதாலை கேட்டதை விட்டிட்டு ஒழுங்கையிலை கேட்டதையோ நம்பினனீங்கள்? எனக்கு அந்த வேலைதான் வேணும்."

பஞ்சலிங்கம் கோபிக்கவில்லை. பிள்ளை பகிடி விடுகிறாள் என்பதுபோலச் சிரித்தார். "வேலைக்கெண்டால் நேரிலை ஆரும் நடிப்பினம், பிள்ளை. ஊர் பொய் சொல்லாது. என்ன தங்கச்சி?" என்று அம்மாவைப் பார்த்தார்.

ஆரணியும் பார்த்தாள். 'நான்தான் சொல்லிக் கொடுத்தனான்' என்று அம்மா வாய் திறந்தால் போதும், வேலை அவளுக்கு. அம்மாவின் கண், படலைக்கு வெளியே நின்ற காருக்குப் போய்த் திரும்பி வந்தது.

"ஓம் அண்ணை," என்றாள் அம்மா. "ஊர் ஏன் பொய் சொல்லப்போகுது?"