பெட்டிக்கு முன்னால் ஒரு கதிரை

…சிவப்பு வயர் சிவப்புக்குத்தான், அதில் சந்தேகமில்லை, பாட்டரியின் ஒரு காதில் சிவப்புப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கறுப்பு மற்றதுக்கு, ஆனால் ரேடியோப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற இரண்டு ஓட்டைகளில் எது மரத்துக் கம்பிக்கு, எது கிணற்றடிக் கம்பிக்கு… ஸைனம்பு கண்ணை மூடி யோசித்துப் பார்த்தாள். கண்ணை மூடினால் முதுகுதான் வந்தது. வெள்ளை பெனியனுக்குள் லேசாகக் கூனின பதியுதீனுடைய முதுகு, பிடரியில் வெட்டாமல் விட்ட முடி, வலது தோள் மட்டும் மெல்ல அசையும், அசைந்தால் அவர் குமிழைத் திருகுகிறார் என்று அர்த்தம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குப் புருஷனின் முகத்தை நினைத்தால் முகம் வராமல் முதுகு வருகிறதே, இது என்ன மாதிரியான மௌத்து, மற்றப் பெண்களுக்கும் இப்படித்தான் வருமா, யாரிடம் கேட்பது? அவர் மௌத்தாகி மூன்று மாதமாக வெள்ளைச் சேலையும் கிடுகு வேலியுமாக, வெளியே இறங்காமல் இத்தா இருக்கிறாள், இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கிறது, வருகிற பெண்கள் எல்லாம் சபூர் செய் புள்ள, பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், ஒருத்தியாவது அந்த மனிசன் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டாளா… கேட்டிருந்தாலும் ஸைனம்பு என்ன சொல்லியிருப்பாள்.

இரண்டு கம்பியையும் மாற்றி மாற்றிச் சொருகினால் ஒன்று சரியாகத்தானே இருக்க வேண்டும். மேல் ஓட்டையில் மரத்துக் கம்பி. மேலே உள்ளது மேலுக்கு, கீழே உள்ளது மண்ணுக்கு, அவர் அப்படித்தான் நினைத்திருப்பார், எல்லாவற்றிலும் ஒரு ஒழுங்கு வைத்திருந்த மனிசன், செருப்பைக்கூட ஒரே கோட்டில் கழற்றி வைப்பார். பொத்துவிலில் இருந்து சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது ஒரு தகரப் பெட்டியும் குடையும்தான் கொண்டுவந்தார். வீடு அவளுக்கு வாப்பா கட்டிக்கொடுத்த வீடு, கட்டில் அவளுடைய சீதனக் கட்டில், கிணறும் தென்னையும் அவள் பேரில், இந்தப் பக்கத்து வழக்கம் அது, எல்லா ஆண்களும் அப்படித்தான் பெண் வீட்டுக்கு வருகிறார்கள், வந்து ஒரு வருஷத்துக்குள் சாவியைக் கேட்கிறார்கள், குரலை உயர்த்துகிறார்கள். இவர் கேட்கவில்லை. கல்முனை நீர்ப்பாசன இலாகா ஸ்டோரில் வேலை, போவார், வருவார், சாப்பிடுவார். பிறகு திருகோணமலையில் கப்பல்படைத் துரை ஒருவன் சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன இந்த ரேடியோவை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார், பிள்ளையைக் கொண்டுவருவது போல. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் இந்தச் சுவரோரம், இந்தக் கதிரை, இந்த முதுகு.

ஊமையும் இல்லை, அதுதான் அவளை அரித்தது. சூயஸ் கால்வாயில் சண்டை நடந்த நேரம் ஊரில் பாதி ஆண்கள் மஃரிபுக்குப் பிறகு முற்றத்தில் வந்து நிற்பார்கள், மிஸ்ரில் என்ன நடக்கிறது, பதியுதீன் காக்கா, இங்கிலீசுக்காரன் என்ன செல்றான்… இவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வார், கையைக்கூட ஆட்டுவார், கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட ஸைனம்புக்கு அது யாரோ வேறு ஒருவரின் குரல் மாதிரி இருந்தது. அவர்கள் போனபிறகு, இவ்வளவு கதை எங்க இருந்தது என்று கேட்டாள். ஒண்டுமில்ல, சும்மா சென்ன என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒண்டுமில்ல. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிசனால் எத்தனை வருஷம் ஓட்ட முடியும்… ஓட்டினாரே. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டோருக்குள் உட்கார்ந்தபோதும் அதைத்தான் சொன்னாராம், தூக்க வந்தவர்களிடம், ஒண்டுமில்ல, கொஞ்சம் இருந்தா சரியாகும் என்று.

அவருக்காகக் கத்தம் ஓதி முடிந்த கையோடு அவளாகத்தான் சொன்னாள், அந்தப் பெட்டியை என்ட வீட்டிலிருந்து எடுத்துடுங்க, யாருக்கும் குடுங்க, என்ட கண்ணில படப்படா என்று. சொன்ன வேகத்தில் மூத்தவள் ராத்தாவின் புருஷன் ஸலாஹுதீன் மச்சான் பாண்டிருப்பில் நல்லரெத்தினம் வாத்தியாரிடம் பேசி வைத்துவிட்டார். வாத்தியார் நாளைக் காலையில் வருகிறார், பாடினால் எடுத்துக்கொள்வார். பாட வேண்டுமே. அரிசி ஆலையில் முத்தலிப்பிடம் கொடுத்து பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, வாத்தியார் வந்தா அவரே பூட்டிப் பாப்பார் என்று மச்சான் போய்விட்டார். அஸர் தொழுதுவிட்டு எழும்பின ஸைனம்பு, வாத்தியாருக்குச் சங்கடம் குடுக்கப்படாது, நானே பூட்டி வைக்கிறன் என்று ராத்தாவிடம் சொன்னாள். பொய்தான். வாத்தியாருக்காக இல்லை. நாளைக்குப் பிறகு இந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று அவளுக்கு ஒருக்காலும் தெரியாமல் போய்விடும், அதற்காகத்தான். ஒரு தரம், ஒரே ஒரு தரம், அவர் அவளை விட்டுவிட்டு எங்கே போனார் என்று போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மரத்துக் கம்பியை, அவருடைய மையித்தை அடக்க எடுத்த அன்று பந்தல் போட இடைஞ்சல் என்று அவிழ்த்துச் சுருட்டி வேலியில் மாட்டியிருந்தார்கள். நல்லவேளை, தென்னையில் அவர் கட்டிய கப்பியும் கயிறும் அப்படியே இருந்தன. கயிற்று நுனியில் கம்பியின் பீங்கான் குமிழைக் கட்டி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இழுத்தாள், கம்பி ஒரு முறை கிடுகில் சிக்கியது, விடுவித்து மறுபடியும் இழுத்தாள், கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது, கம்பி மேலே போகப் போக ‘உம்’ என்று ஒரு சத்தம். இந்தச் சத்தத்தைத்தானே வெயில் காலம் முழுக்க பாய் இழைக்கும்போது கேட்டுக்கொண்டிருந்தாள், காற்றின் சத்தம் என்று நினைத்தாளே, கம்பியின் சத்தமா இது? கிணற்றடியில் மண்ணுக்குள் இறக்கின இரும்புக் குழாய் காய்ந்து கிடந்தது. ஒரு வாளி இறைத்து ஊற்றினாள், கை தன்னாலே ஊற்றியது. ஸைனம்பு, கம்பியடிக்குத் தண்ணி ஊத்திடு… வேலையால் வந்ததும் அவர் சொல்வது அது ஒன்றுதான், ஒவ்வொரு நாளும், அவளும் ஒவ்வொரு நாளும் ஊற்றினாள், ஏன் என்று கேட்டதில்லை, வாழைக்கு ஊற்றுவது போல இரும்புக்கு ஊற்றினாள். மண் ஈரமாக இருந்தால்தான் தூரத்துக் குரல் தெளிவாக விழுமாம், சூயஸ் நாளில் யாருக்கோ அவர் விளங்கப்படுத்தியபோது கதவுக்குப் பின்னால் நின்று தெரிந்துகொண்டாள். அப்படியென்றால் அவர் கேட்ட குரலில் எல்லாம் அவளுடைய தண்ணீர் கொஞ்சம் இருந்திருக்கிறது. அதை ஏன் அவளிடம் சொல்லவில்லை, ஊரானுக்குச் சொன்னாரே… சரி, சரி, இருட்டுவதற்குள் வேலையை முடி.

பெட்டியின் குமிழைத் திருகியதும் ‘டக்’ என்றது. ஒன்றும் இல்லை. பிறகு பெட்டியின் அடியில் வண்டு மாதிரி ஏதோ முனக ஆரம்பித்தது, மரம் சூடேறும் வாசனை வந்தது, அவருடைய சட்டையில் இருந்த வாசனை அது, ஸ்டோரின் வாசனை என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள். இரைச்சல் மெல்ல மெல்ல எழுந்தது. இரைச்சலுக்குள் யாரோ ஒரு ஆண் வேகமாக எதையோ சொல்லிக்கொண்டு போனான், சீனமோ என்னவோ. குமிழைத் தொட்டாள், ஒரு முடி அளவுதான் அசைத்தாள், சீனம் போய் ஒரு விசில், விசில் போய் ஒரு பெண் பாடினாள், அழுகிறாளோ பாடுகிறாளோ, அலை ஏறி இறங்குவது போல அவள் குரல் கிட்ட வந்து கிட்ட வந்து தூரப் போனது. பெட்டியின் முன் கண்ணாடியில் வரிசையாக ஊர்ப் பெயர்கள், எல்லாம் இங்கிலீசு, அவளுக்குத் தெரிந்தது குர்ஆன் எழுத்தும் கொஞ்சம் தமிழும்தான். இவ்வளவு பேர் கதைக்கிறார்கள், ஒருவராவது ஸைனம்புக்குக் கதைக்கிறாரா…

குசினிப் பக்கமிருந்து ராத்தா றஹீமா வந்து நிலையில் நின்றாள். இத்தா தொடங்கிய நாள் முதல் துணைக்கு வந்து நிற்பவள், தங்கையைவிட இத்தாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்பவள்.

“என்ன புள்ள இது, ஆம்புளக் குரல் கேக்குது. இத்தாவில இரிக்கிறவள் அந்நியக் குரல் கேக்கக் கூடா எண்டு தெரியாதா?”

“அவனுக்கு நான் இரிக்கிறது தெரியாதே, ராத்தா.”

“உனக்குத் தெரியும்தானே அவன் இரிக்கிறான் எண்டு.”

ஸைனம்பு குமிழை மறுபக்கம் திருகினாள், விசில், இரைச்சல், மறுகா திடீரென்று குர்ஆன் கிராஅத், தூரத்தில் யாரோ நிறுத்தி நிறுத்தி ஓதுகிறார், மிஸ்ராகத்தான் இருக்க வேண்டும், மூச்சு விடுகிற இடம்கூடக் கேட்கிறது. ராத்தா சட்டென்று முக்காட்டை இழுத்துவிட்டாள்.

“இதுவும் ஆம்புளக் குரல்தான் ராத்தா.”

“வாய மூடு,” என்றாள் ராத்தா, ஆனால் கோபமாக இல்லை. “இதையா உன்ட மனிசன் கேட்டுக்கொண்டிருந்த?”

“தெரியா.”

தெரியா. அதுதான் உண்மை. அந்த ஓதல் தேய்ந்து தேய்ந்து இரைச்சலுக்குள் போனபோது பள்ளியில் மஃரிப் பாங்கு சொன்னார்கள், பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எழும்பிப்போய்த் தொழுதாள், சலாம் கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தபோதுதான் கவனித்தாள், அவர் கதிரையில் உட்கார்ந்திருக்கிறாள். முதல் தரம். தூசி தட்டியிருக்கிறாள், துடைத்திருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. அறை இருட்டிவிட்டது. இந்த மாதிரிப் பெட்டிகளில் கண்ணாடிக்குப் பின்னால் சின்ன பல்பு ஒன்று எரியுமாம், கல்முனையில் ஒரு கடையில் எரிவதைப் பார்த்ததாக ராத்தா சொல்லியிருக்கிறாள், அவர் அதைக் கழற்றி வைத்துவிட்டார், பாட்டரியைத் தின்னும் என்று. அதனால் கண்ணாடி கறுப்பாக இருந்தது, கிணற்றுக்குள் எட்டிப்பார்த்தால் தெரிகிற கறுப்பு. ராத்தா குசினியில் விளக்கைப் பற்றவைத்தாள். கறுப்பில் ஒரு மஞ்சள் கதவு திறந்தது.

குசினி. அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த முழுக் குசினியும் கண்ணாடியில் தெரிந்தது, சின்னதாக, ஆனால் துலக்கமாக, அடுப்பு, உறி, சுவரில் சாத்தின பலகை. ராத்தா ஆணத்தை அகப்பையால் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள், தலையைச் சரித்து யோசித்தாள், உப்புப் போட்டாள். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தோ என்னவோ, அடுப்படியில் அப்படியே குந்தி இரண்டு கையாலும் முகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ராத்தாவா, இந்த மூன்று மாதமும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வீட்டை நடத்தின ராத்தாவா? அந்த இடத்தில்தான் அவளும் குந்துவாள், அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் அவளும், ஒவ்வொரு மாலையும், இவர் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு…

ஒரு நோன்பு மாதம், கஞ்சிப் பானை இறக்கும்போது மணிக்கட்டில் கொதிகஞ்சி பட்டது. அவள் சத்தம் போடவில்லை, முந்தானையைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். விடிய எழும்பியபோது அம்மிக்குப் பக்கத்தில் மருந்து டப்பி ஒன்று இருந்தது.

“ராத்தா,” என்று கதிரையில் இருந்தபடியே கூப்பிட்டாள். கண்ணாடிக்குள் ராத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “எனக்குக் கை வெந்த நேரம் அம்மியடியில மருந்து வச்சது நீங்கதானே?”

“எப்ப வெந்த? நீ எனக்குச் செல்லவே இல்லையே.”

இல்லை. சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. அப்படியானால் அவர் இந்தக் கண்ணாடிக்குள் பார்த்திருக்கிறார். அந்தச் சீனத்தையும் விசிலையும் அழுகிற பெண்ணையும் கேட்டுக்கொண்டு இதைப் பார்த்திருக்கிறார், ஒரு நாளா, எல்லா நாளுமா… அவளுடைய நெஞ்சுக்குள் ஏதோ இளகிக்கொண்டு வந்தது, வந்த வேகத்திலேயே நின்றது. பார்த்தார் என்றால் எதைப் பார்த்தார்? அந்த முதுகைப் பார்த்து அவள் உதட்டைச் சுழித்ததை, பாயை எறிந்ததை, இந்த மனிசனுக்கு ஒரு மௌத்து வராதா என்று சத்தமில்லாமல் வாயசைத்த நாள் ஒன்றும் உண்டே, அதையும்? அதனால்தான் திரும்பவில்லையா, இல்லை, அவர் திரும்பாததால்தான் அவள் அப்படியானாளா, எது முதலில்…

“ஏன் புள்ள கேக்கிறாய்?” என்றாள் ராத்தா. குரல் அழுத குரல்தான், கேட்டால் இல்லை என்பாள்.

எழும்பிப் போய் ராத்தாவுக்குப் பக்கத்தில் குந்த வேண்டும். நாலு எட்டு கூட இல்லை. கதிரையின் கையைப் பிடித்தாள் ஸைனம்பு, இரைச்சலுக்குள் எங்கோ ஒருவன் இரும ஆரம்பித்து நிறுத்தினான், கண்ணாடிக்குள் ராத்தா இந்தப் பக்கம் பார்த்தபடி பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவு சின்னதாக, அவ்வளவு கிட்டத்தில்.

“ஒண்டுமில்ல,” என்றாள் ஸைனம்பு. திரும்பாமலே சொன்னாள். சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று அவளுக்குத் தெரிந்தது, அதற்குள் எவ்வளவு சொல்லாமல் கிடக்கும் என்பதும்.